ஜம்போவுக்கு விடைகொடுத்த லண்டன்

1882 மார்ச்சில் லண்டன் மிருகக்காட்சிசாலை வாசலில் சனம் அலைமோதியது. ஜம்போ என்ற யானையைக் கடைசித் தடவையாகப் பார்த்துவிட வந்த கூட்டம் அது. ஆபிரிக்க யானை அந்நாளைய ஐரோப்பாவில் அரிய காட்சி. 1865இல் பாரிஸிலிருந்து நோயுற்ற குட்டியாய் வந்த ஜம்போவைத் தேற்றி வளர்த்தவர் பாகன் மத்தியூ ஸ்கொட். பின்னர் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதன் முதுகில் சவாரி செய்தார்கள்.

வளர்ந்த யானை இரவுகளில் கொட்டிலை மோதி உடைக்கவே, மதங்கொண்டால் என்னாகுமோ என அத்தியட்சகர் பார்ட்லெட் அஞ்சினார். அமெரிக்க சர்க்கஸ் அதிபர் பார்னம் 2,000 பவுணுக்கு அதை வாங்கினார். (1851இல் இலங்கை யானைகளை நியூயோர்க்கில் கொண்டுபோய் இறக்கியவரும் இவரே.) பிள்ளைகள் விக்ரோறியா மகாராணிக்குக் கடிதம் எழுதினர், விற்பனையைத் தடுக்கத் தொடரப்பட்ட வழக்கும் தோற்றது. அழைத்துச் செல்ல முயன்றபோது ஜம்போ வீதியிலேயே படுத்துக்கொண்டது.

பத்திரிகைக்காரனான என்னை உறுத்துவது வேறொன்று. 'டெய்லி ரெலிகிராப்' விற்பனையை எதிர்த்து எழுத எழுத, மிருகக்காட்சிசாலையின் வசூல்தான் பெருகியது. பார்னமுக்கோ செலவில்லாத விளம்பரம்.

மார்ச் 25ஆம் திகதி 'அசிரியன் மொனார்க்' கப்பல் புறப்பட்டது. ஸ்கொட்டும் உடன் சென்றார். 1885 செப்டெம்பர் 15 அன்று கனடாவின் சென். தோமஸ் நகரில் சரக்கு ரயில் மோதி ஜம்போ இறந்தது. பார்னம் அதன் தோலையும் எலும்புக்கூட்டையும் வெவ்வேறாகப் பதப்படுத்தி, மீண்டும் காட்சிக்கு வைத்தார்.