அவசரத்துக்குக் கற்ற மொழி

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துக்கீசும் தமிழும் அறிந்த சிலரைக் கூட்டிச் செபங்களை மொழிபெயர்க்கச் செய்தார். அவற்றை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை அடித்தபடி தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் தெற்கே ககோஷிமாவில் இறங்கியபோதும் அதே வழிதான். மலாக்காவில் சந்தித்த அஞ்சிரோ என்ற ஜப்பானியர் மொழிபெயர்த்துத் தந்ததை வாசித்துக் காட்டினார். கடவுளுக்கு அஞ்சிரோ தந்த சொல் 'தைநிச்சி'. அது ஷிங்கோன் பௌத்தர் வழிபடும் வைரோசன புத்தரின் பெயர். விஷயம் புரிந்ததும் அதைக் கைவிட்டு, இலத்தீன் 'தேயுஸ்' என்பதையே ஜப்பானிய நாவுக்கு ஏற்ப வைத்துக்கொண்டார். மனப்பாடம் வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது.

இந்தக் கதையில் எனக்குத் தனி அக்கறை உண்டு. நான் பிறந்தது தூத்துக்குடி மாவட்டம். நான் மணக்க விரும்பிய பெண்ணின் பெற்றோர் வசிப்பது ககோஷிமா. சிட்னியில் மென்பொருள் ஆலோசகராக இருக்கும் எனக்கு, அவர்களைச் சந்திக்க எட்டு வாரம்தான் இருந்தது. அவளும் நானும் பேசுவது ஆங்கிலத்தில். அவர்களுக்கு ஆங்கிலம் வராது. ரயிலில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம் என்று படித்தேன். எனக்கு முன் இம்மொழியை இப்படி அவசரமாகப் படித்தவர்கள் யார் என்று தேடத் தொடங்கியதும் அந்த ரயிலில்தான்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு ஜப்பானியம் படிக்கத் தெரிந்தவர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். 1942 பிப்ரவரியில் பெட்ஃபோர்ட் நகரில் ஆறு மாத வகுப்பு ஒன்று தொடங்கியது. ஆசிரியர் ஆஸ்வால்ட் டக், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. மாணவர்களில் பெரும்பாலோர் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கிரேக்கமும் இலத்தீனும் படித்த இளைஞர்கள். அவர்கள் கற்றது எதிரியின் தந்திச் செய்திகளை வாசிப்பதற்கான ஜப்பானியம். ஒரு வீட்டுக்குள் போய் 'நலமா' என்று கேட்பது அதில் இல்லை.

அமெரிக்கக் கடற்படையின் பள்ளி கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் இருந்தது. ஜப்பானிய வம்சாவளியினரை மேற்குக் கரையிலிருந்து அரசு வெளியேற்றியபோது, பள்ளியின் ஆசிரியர்களே அந்த வம்சாவளியினர் என்பதால், 1942இல் பள்ளியைக் கொலராடோவின் போல்டருக்கு மாற்ற வேண்டிவந்தது. தம் இனத்தவர் முள்வேலி முகாம்களில் இருக்க, இவர்கள் வகுப்பெடுத்தார்கள். பெர்க்லியில் படித்தவர்களில் ஒருவர் டொனால்ட் கீன். போர்க்களத்தில் இறந்த ஜப்பானியச் சிப்பாய்களின் நாட்குறிப்புகளை வாசிப்பது அவர் வேலைகளில் ஒன்று. எதிரியை அறியக் கற்ற மொழி, இறந்தவனின் வீட்டு நினைவுகளை அவருக்குக் காட்டியது. பிற்காலத்தில் ஜப்பானிய இலக்கியத்தை ஆங்கில உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் முதன்மையானவரானார். 2012இல் ஜப்பானியக் குடியுரிமையும் பெற்றார்.

மறுபக்கம் நம்முடையது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்து 'ஷோனான்' ஆனது. கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு மாறின. பள்ளிகளில் நிப்பொன்கோ புகுந்தது. மலாயாத் தமிழரும் வேறு வழியின்றிக் கற்றனர். ஜொகூரின் மூவாரில் வளர்ந்த ஒரு தமிழ் இளைஞர் அகராதியை வைத்துத் தானே ஜப்பானியம் கற்று, ஜப்பானியரிடம் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். அவர்தான் பின்னாளில் சிங்கப்பூரின் ஜனாதிபதியான எஸ். ஆர். நாதன். அந்த நாட்களில் ஜப்பானியம் தெரிந்தவனுக்கு வேலையும் கொஞ்சம் பாதுகாப்பும் கிடைத்தன. அதை விருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜப்பானியம் கற்பதில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. ஜப்பானிய வாக்கியத்திலும் வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'தூத்துக்குடி கரா' என்றால் தூத்துக்குடியிலிருந்து. தமிழிலிருந்தே ஜப்பானியத்துக்குச் சொற்களும் இலக்கணமும் போயின என்ற சுசுமு ஓனோவின் கருத்தை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நானும் அதைக் கொண்டாட வரவில்லை. ஆனால் நினைப்பதை நினைத்த வரிசையிலேயே சொல்ல முடிகிறது என்பது எட்டு வாரக்காரனுக்குப் பெரிய உதவி.

கடினம் மரியாதையில். நாகசாகியில் 1604 முதல் 1608 வரை அச்சான தம் பெரிய இலக்கண நூலில் ஜோவாவ் ரொட்ரிகேஸ் என்ற யேசு சபையார் இதற்கு நிறைய இடம் ஒதுக்கினார். மற்றவர் வந்தால் ஒரு வினை, நான் வந்தால் தாழ்மையான வேறொரு வினை. 'எழுந்தருளினார்', 'அடியேன் வந்தேன்' என்று கோயில் தமிழில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல; அதைச் சாப்பாட்டு மேசையில் பேச வேண்டியிருப்பதுதான் புதிது. தன் தாயைப் பிறரிடம் குறிப்பிடும்போது 'ஹஹா'. பிறருடைய தாய் 'ஒகாசான்'. மாமியாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் சம்மதம் கிடைக்கும் முன்பே ஒருவன் அப்படிக் கூப்பிட்டால், உரிமையை அவனே எடுத்துக்கொண்டதாகும். "அவங்களா சொல்ற வரைக்கும் எப்படியும் கூப்பிடாதே" என்பது அவள் எனக்குச் சொன்ன ஒரே இலக்கண விதி.

அதனால் விளியே இல்லாத வாக்கியங்களாகத் தயார் செய்தேன். தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் 'நீங்கள்' இல்லாமல் நாள் முழுக்கப் பேசலாம். ககோஷிமாவில் அவளுடைய தந்தை பேசிய வட்டார வழக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, பாதி புரியவில்லை. அவரும் என் ஜப்பானியத்தைத் திருத்தவில்லை, பொறுமையாகக் காத்திருந்தார். மூன்றாம் நாள் காலை, மிசோ சூப்பை என் முன் வைத்தபடி, அவளுடைய தாய் சொன்னார்: "ஒகாசான் என்றே கூப்பிடலாமே."

யார் யாருடைய மொழியைக் கற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் கப்பல்களும் படைகளுமே தீர்மானித்திருக்கின்றன. புலம்பெயர்ந்த நம் வீடுகளிலும் இதன் சாயல் உண்டு: மருமகளோ மருமகனோ தமிழ் கற்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம்; அவர்கள் வீட்டு மொழியில் நாம் ஒரு சொல்லாவது கற்றோமா என்று கேட்பது குறைவு. அந்த வருடமே என் அம்மா, எழுபது வயதில், தூத்துக்குடியிலிருந்து தொலைபேசியில் என்னிடம் ஒரு சொல் கேட்டு எழுதிக்கொண்டார். சம்பந்தி வீட்டாரிடம் 'சாப்பிட்டீர்களா' என்று எப்படிக் கேட்பது?