சட்டத்தை வென்ற சிரிப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1920 ஜனவரி 17ஆம் நாள் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1933 டிசம்பர் 5ஆம் நாள் அது நீங்கியது. இடைப்பட்ட ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகளில் அந்நாட்டு நகைச்சுவை ஏடுகளுக்குப் பொருட்பஞ்சம் என்பதே ஏற்படவில்லை.

மதுவிலக்கை வேண்டியவர்களை நாம் எளிதாக எள்ளிவிட முடியாது. வாரக் கூலியைச் சாராயக் கடையில் தொலைத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பிய கணவன்மாரைக் கண்டு வெதும்பிய பெண்கள் பல்லாண்டுகள் நடத்திய போராட்டம் அது. நோக்கத்தில் குறையில்லை, குறை சட்டத்தில் இருந்தது. வடிப்பது, விற்பது, ஏற்றிச் செல்வது யாவும் குற்றம், குடிப்பது குற்றமன்று. தடைக்கு முன்பே வாங்கி நிலவறையில் அடுக்கி வைத்திருந்த செல்வர் தம் வீட்டில் அச்சமின்றி அருந்தலாம். மருத்துவர் சீட்டு எழுதித் தந்தால் மருந்துக் கடையில் விஸ்கி கிடைக்கும். உலர்ந்த திராட்சைச் சாற்றுக் கட்டிகள் கடைகளில் விற்கப்பட்டன. ‘இன்னின்னவாறு செய்துவிடாதீர்கள், செய்தால் இது மதுவாகிவிடும்’ என்ற எச்சரிக்கை அவற்றுடன் வந்தது. அந்த எச்சரிக்கையே செய்முறையாயிற்று. இத்தகைய நாட்டில் அங்கத எழுத்தாளன் கற்பனை செய்ய வேண்டியது என்ன இருக்கிறது?

நியூயார்க்கின் ‘வேர்ல்டு’ நாளிதழில் ரோலின் கிர்பி என்னும் ஓவியர் ‘மிஸ்டர் டிரை’ என்றொரு பாத்திரத்தைப் படைத்தார். ஒட்டிய முகம், நெடிய கறுப்புத் தொப்பி, கறுப்பு அங்கி, கையில் குடை. பிறர் இன்பம் காணப் பொறாத அந்த உருவம் மதுவிலக்கின் முகமாகவே மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. கருத்துப்படத்திற்கென 1922இல் முதன்முதலாக வழங்கப்பட்ட புலிட்சர் பரிசைப் பெற்றவர் இந்தக் கிர்பியே.

எச். எல். மென்கென் வேறு வழியை மேற்கொண்டார். 1924இல் அவரும் ஜார்ஜ் ஜீன் நேதனும் தொடங்கிய ‘அமெரிக்கன் மெர்க்குரி’யில் ‘அமெரிக்கானா’ என்றொரு பகுதி இருந்தது. உள்ளூர்ச் செய்தித்தாள்களிலும் துண்டு வெளியீடுகளிலும் வந்த அபத்தங்களை மாநில வாரியாகத் தொகுத்து அப்படியே அச்சிடுவார். பிறர் சொல்லையே அவர்களுக்கு எதிரான சாட்சியாக நிறுத்திய முறை அது.

1925இல் தோன்றிய ‘நியூயார்க்கர்’ இதழோ மதுவிலக்கைப் பொருட்படுத்தாததையே நகைச்சுவையாக்கிக் கொண்டது. கள்ளச் சரக்கின் விலைகளைப் பங்குச் சந்தை நிலவரம் போல வெளியிட்டது. ‘உதட்டுச்சாயம்’ என்ற புனைபெயரில் லோயிஸ் லாங் என்னும் இளம்பெண் இரகசிய மதுக்கூடங்களைப் பற்றிக் குறும்பு ததும்ப எழுதி வந்தார்.

மதுவிலக்கு அன்பர்களும் சில வேளை எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுத்தனர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்துச் செல்வர் டெல்சிவேர் கிங், சட்டத்தை மீறிக் குடிப்போர் நாணும்படி ஒரு வசைச்சொல் வேண்டுமென 200 டாலர் பரிசு அறிவித்தார். 25,000க்கு மேற்பட்ட சொற்கள் வந்து குவிந்தன. 1924 ஜனவரியில் ‘ஸ்கோஃப்லா’ என்ற சொல் தேர்வாயிற்று. அந்த மாதம் முடிவதற்குள் பாரிஸ் நகர மதுக்கூடமொன்று அப்பெயரிலேயே புதுக் கலவை ஒன்றை விற்கத் தொடங்கிவிட்டது! நாணச் செய்யப் பிறந்த சொல் நாவுக்குச் சுவையாகிப் போயிற்று.

ஆனால் இந்தச் சிரிப்பொலி எட்டாத இடங்களும் இருந்தன. தொழிற்சாலைகளுக்குரிய சாராயத்தைத் திருடிக் குடிப்போரைத் தடுக்க, அதில் நச்சுப் பொருளை மிகுதியாகக் கலக்க அரசே ஆணையிட்டது. 1926 கிறிஸ்துமஸ் நாட்களில் நியூயார்க்கில் பலர் மாண்டனர். நகரத் தலைமைச் சவப் பரிசோதனை மருத்துவர் சார்லஸ் நாரிஸ் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். நல்ல சரக்கு வாங்க வசதியற்ற ஏழைகளே மடிகின்றனர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். 1930இல் ‘ஜேக்’ எனப்பட்ட இஞ்சிச் சாற்று மருந்தில் கலந்த நச்சு வேதிப்பொருள் பல்லாயிரவர் கால்களை முடக்கியது. அவர்களிலும் பெரும்பாலோர் ஏழைகளே. விலைப்பட்டியலைப் படித்துச் சிரித்த நியூயார்க் வாசகர் குடித்த கிண்ணம் வேறு. இவர்கள் குடித்த கிண்ணம் வேறு. முடங்கிய கால்களின் துயரமும் கசந்த நகைப்பும் பளபளப்பான ஏடுகளில் அல்ல, தென்மாநிலப் பாடகர்களின் இசைத்தட்டுகளிலேயே ஒலித்தன.

இதே காலத்தில், 1929இல், நம் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து இராஜாஜியை ஆசிரியராகவும் கல்கியைத் துணையாகவும் கொண்டு ‘விமோசனம்’ வெளிவந்தது. மதுவிலக்குக்கு எதிராக அங்கே நகைச்சுவை வாளேந்தியது. மதுவிலக்குக்காக இங்கே கதை எழுதப்பட்டது. கல்கி கண்முன் கொண்டிருந்தவன் குடிசைக்குத் திரும்பும் ஏழைக் குடியானவன்.

அமெரிக்க அங்கதம் வென்றது உண்மை. அது வென்றது மதுவிலக்கையன்று. மேடையில் ஒழுக்கம் பேசி நிலவறையில் கோப்பை ஏந்திய போலித்தனத்தையே என்றால் பொருந்தும். போலித்தனத்தைச் சிரிப்பால் கொல்லலாம். ஆனால் வெறுங்கையுடன் வரும் கணவனுக்காக வாசலில் காத்திருந்த பெண்ணின் துயரத்திற்கு அந்தச் சிரிப்பில் விடை இல்லை. அவளுக்காகத் தொடங்கிய சட்டம் அவளை மறந்தது. அந்தச் சட்டத்தை எள்ளிய ஏடுகளும் அவளை மறந்தன.