கம்பம் பன்னீர் திராட்சையும் 1832 என்னும் ஆண்டும்

கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றபோது, ஏறத்தாழ எல்லா நாளிதழ்களும் ஒரு வரலாற்றுச் செய்தியை ஒரே வாய்பாட்டில் எழுதின. இத்திராட்சையை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொணர்ந்தார் என்பதே அது. அவ்வாண்டை ஆய்வேட்டில் எடுத்தாளும் முன் மாணவர்கள் சற்றே நிதானிக்க வேண்டும் என்பது என் கருத்து. அது பழத்தோடு பொருந்தவில்லை.

பன்னீர் திராட்சை எனப்படுவது ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்னும் கருந்திராட்சை வகை. இது தொன்றுதொட்டு வந்த வகையன்று. இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்சயரில் உள்ள ரெஸ்ட் பார்க் மாளிகைத் தோட்டத்தில் சீவர்ட் ஸ்னோ என்னும் தோட்டக்கலைஞர் 1850 வாக்கில் உருவாக்கிய கலப்பினம். இதன் பெற்றோர் வகைகள் இன்னவை என்பதை 2003இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிசெய்தது. ஒன்று நடுநிலக்கடற் பகுதியின் பழைய வெண்திராட்சையான அலெக்சாந்திரியா மஸ்கட். மற்றொன்று ‘கருப்பு ஹாம்பர்க்’ எனவும் வழங்கும் ஸ்கியாவா கிரோசா. ஆக, 1832இல் பிறவாத கொடியை 1832இல் எவரும் கப்பலேற்றியிருக்க இயலாது.

அவ்வாறெனில் பாதிரியார் கதை முழுதும் புனைவா? அப்படித் தள்ளிவிடவும் வேண்டியதில்லை. கத்தோலிக்கத் திருப்பலிக்குரிய மது திராட்சையிலிருந்தே பெறப்பட்டதாகவும் கெடாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். கள்ளோ பிற பழச்சாறோ அதற்கு ஈடாகா. கொடி வளராத நாட்டில் இது நெருக்கடியான நடைமுறைச் சிக்கல். மலபார்த் தோமையார் கிறித்தவர்கள் உலர்திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைப் பயன்படுத்தியதைப் பதினாறாம் நூற்றாண்டுப் போர்ச்சுகீசியர் குறித்துள்ளனர். 1599இல் கூடிய உதயம்பேரூர்ச் சங்கம் போர்ச்சுகல் மதுவை வருவிக்கும் ஏற்பாட்டை நாடியது. இத்தகைய சூழலில் ஒரு குரு தம் கோயில் தோட்டத்தில் திராட்சை நட முயல்வது இயல்பே. 1832இல் அப்படி ஒரு கொடி வந்திருக்கலாம். ஆனால் அது வேறு வகையாக, ஒருவேளை அலெக்சாந்திரியா மஸ்கட்டாகவே இருந்திருக்கலாம். ஹாம்பர்க் வகை பின்னர் வந்து பழைய கொடியின் நினைவையும் ஆண்டையும் தனதாக்கிக்கொண்டது எனக் கருத இடமுண்டு. இது ஊகமே, ஆயினும் ஆவணங்களில் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம். இயேசு சபையினர் மதுரைப் பணித்தளத்துக்குத் திரும்பியது 1830களின் இறுதியில்தான் என்பதால், 1832ஐ வற்புறுத்துவோர் எந்தச் சபைக் குருவைச் சுட்டுகின்றனர் என்பதையும் தெளிவுபடுத்த வேண்டும்.

இங்கு நடுநிலக்கடல் நாடுகளுக்கு உள்ள வாய்ப்பு நமக்கு இல்லை. அங்கே கொடியே சான்று. எசுப்பானியாவின் பிரியோராட் மலைச்சரிவுகளில் எண்பது, நூறு ஆண்டு கடந்த கரிஞ்ஞேனா, கர்னாச்சா கொடிகள் இன்றும் காய்க்கின்றன. குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்குவதால் அவற்றுக்கு ஆயுள் நீள்கிறது. முதிர முதிரக் காய்ப்புக் குறைகிறது. குறைந்த பழத்தில் சாரம் செறிகிறது. அப்பகுதியின் அடர்ந்த செம்மதுவுக்குரிய மதிப்பு இதனாலேயே. பழங்கொடி என்பதற்கு 35 ஆண்டு என்னும் அளவைப் பன்னாட்டுத் திராட்சை மற்றும் மது அமைப்பு 2024இல்தான் வரையறுத்தது. முதிய கொடி வரலாற்றுக்கும் பயன்படுகிறது. கலிபோர்னியாவில் எசுப்பானியக் குருமார் நட்ட ‘மிஷன்’ திராட்சை எது என்ற நெடுநாள் வினாவுக்கு மரபணு ஆய்வே விடையளித்தது: அது லிஸ்தான் பிரியேத்தோ. நம் பன்னீர் திராட்சையின் பெற்றோர் வகையான கருப்பு ஹாம்பர்க்கின் கொடி ஒன்று, 1760களின் இறுதியில் நடப்பட்டது, லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக் கண்ணாடிக்கூடத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் உறக்கக் காலம் இல்லை. பந்தலில் படர்ந்த கொடியை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் கவாத்து செய்கிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் பருவம் மாற்றிக் கவாத்து செய்வதால் ஆண்டு முழுதும் பழம் சந்தைக்கு வருகிறது. ஓய்வறியாத கொடி விரைவில் தளர்கிறது. பிடுங்கி மறுநடவு செய்கிறார்கள். எனவே நட்டவர் யார் எனக் கேட்கத்தக்க முதிய கொடி ஒன்றை இத்தோட்டங்களில் எதிர்பார்ப்பதற்கில்லை. எஞ்சுபவை தாள்களும் சொற்களும்.

சொற்களைப் பற்றிச் சிறிது கூறலாம். என் துறை அதுவே. உடும்பஞ்சோலையின் கிழக்கு விளிம்பில் நின்றால் கீழே தெரிவது இதே பள்ளத்தாக்கு. கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி ஏலத்தோட்ட வேலைக்கு வரும் தமிழருக்கு ‘முந்திரி’ என்றால் கொட்டைப்பருப்பு. அவர்கள் பொருள் வாங்கும் கடையின் மலையாளிக்கு அதே சொல் திராட்சைப்பழம். இவ்விரண்டில் மூத்த பொருள் மலையாளத்தினுடையது. வடமொழி ‘மிருத்வீகா’, பாலி ‘முத்திகா’ ஆகிய திராட்சைப் பெயர்களோடு முந்திரிகையைத் தொடர்புபடுத்துவர். பௌத்த விநயம் துறவியருக்கு அனுமதிக்கும் எண்வகைப் பானங்களில் முத்திகாச் சாறும் ஒன்று. போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த மரம் நம் பக்கத்தில் அப்பெயரை ஏற்றது. பழைய தமிழ் நூல்கள் கொடிமுந்திரி, மரமுந்திரி எனப் பிரித்தன. ஈழத்தமிழில் முந்திரிகை இன்றும் திராட்சையே. (1/320 என்னும் கீழ்வாயிலக்க முந்திரியை இங்கு இழுக்க வேண்டாம், அது வேறு வழக்கு.)

ஆகவே கொடி வேரூன்றும் முன்பே அதன் பெயர் இங்கு வேரூன்றிவிட்டது. மதுவும் அப்படியே. யவனர் கொணர்ந்த நறுந்தேறலைப் பாண்டியன் அருந்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் குறிப்பிடுகிறார். ஆயினும் திராட்சையைப் பெயர்சொல்லிச் சுட்டவில்லை. பாடலுக்குத் தேறல் என்னும் நம் சொல்லே போதுமானதாக இருந்தது.

‘பன்னீர்’ என்னும் அடைமொழி எந்தப் பாதிரியாரையும் நினைவுகூரவில்லை. மணத்தை மட்டும் சொல்கிறது. ‘மஸ்கட்’ என்பதும் கத்தூரி மணத்தைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்ததே. ரோசா எண்ணெயில் உள்ள ஜெரானியால் இத்திராட்சையிலும் உண்டு. பெயரிட்டவர் மூக்கு பொய்க்கவில்லை.

அடுத்துச் செய்ய வேண்டியவை இரண்டு. புதுச்சேரி, மதுரைப் பணித்தளங்களிலிருந்து எழுதப்பட்ட பிரெஞ்சுக் கடிதங்களில் கொடி, மது பற்றிய குறிப்புகளைத் தேட வேண்டும். பிரெஞ்சு அறிந்த நண்பர்கள் இணைந்தால் நன்று. மற்றொன்று எளிது. கூடலூர், சுருளிப்பட்டி, இராயப்பன்பட்டி, சின்னமனூர்ப் பகுதி முதியோர் நாவில் ‘பன்னீர்’ அல்லாத வேறு பெயரோ, திராட்சையைக் குறிக்கும் ‘கொடிமுந்திரி’ என்னும் சொல்லோ கேட்டதுண்டா? கேட்டிருப்பின், ஊர்ப்பெயரும் ஏறக்குறைய எந்தத் தலைமுறையினர் என்பதும் குறித்துக் கீழே பதிவிடுக. ஆள்பெயர் வேண்டாம்.