கடலூர் துறைமுகத்தில் புயல்காலக் காத்திருப்பு

நெய்வேலி நகரியத்துக்கு மிக அருகில் இருக்கும் துறைமுகம் கடலூர் முதுநகர். சாலைவழி சுமார் 40 கி.மீ. இரண்டையும் இணைப்பது சாலை மட்டுமல்ல. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் இறைத்து வெளியேற்றும் நீரை வாங்கிக்கொள்ளும் பரவனாறு, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பக்கமாக ஓடி, உப்பனாற்றோடு கலந்து இங்கேதான் கடலைச் சேர்கிறது. கெடிலமும் இதே பகுதியில் வந்து முடிகிறது. வங்கக் கடலில் காற்று கெட்டால் மீன்பிடி படகுகள் ஒதுங்கி நிற்பது இந்த ஆற்று வாய்க்குள்தான்.

பெரிய கப்பல்களுக்கு அந்த வசதி என்றுமே கிடையாது. முகத்துவாரத்தில் மணல் திட்டு விழுவதால் அவை கரைக்கு வெளியே ஏறத்தாழ ஒரு மைல் தள்ளித் திறந்த கடலிலேயே நங்கூரம் போடும். சரக்கு சிறு படகுகளில் ஏறி இறங்கும். சோழமண்டலக் கரை முழுவதுக்கும் இதே கதைதான். இதனால் பாய்க்கப்பல் காலத்தில் "துறையில் காத்திருத்தல்" என்ற சொல்லுக்கு இங்கே வேறு பொருள் இருந்தது. புயல் வரும் என்று தெரிந்தால் துறையில் இருக்கக் கூடாது. நங்கூரத்தை எடுத்துக்கொண்டோ, நேரமில்லை என்றால் கயிற்றை வெட்டிவிட்டோ, ஆழ்கடலுக்கு ஓடிவிட வேண்டும். காற்று கிழக்கிலிருந்து கரையை நோக்கி அடிக்கத் தொடங்கிய பின் பாய்க்கப்பலால் வெளியேற முடியாது. முடிவெடுக்க வேண்டிய நேரம், வானம் இன்னும் தெளிவாக இருக்கும் நேரம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, அக்டோபர் நடுவில் கரையை விட்டு விலகி, டிசம்பர் நடுவுக்குப் பிறகு திரும்புவது கிழக்கிந்தியக் கும்பினிக் கப்பல்களின் வழக்கம். 1746 அக்டோபரில், தான் பிடித்த சென்னையின் கரையிலேயே தங்கிவிட்ட பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, ஒரே இரவுப் புயலில் பல கப்பல்களையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களையும் இழந்தார். இன்னொரு பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. 1782 அக்டோபரில் கடலூரை விட்டுக் கிளம்பி, பருவமழைக் காலத்தைச் சுமத்ராவின் ஆச்சேயில் கழித்தார். வங்கக் கடலின் மேற்குக் கரையில் எந்தக் காற்றிலும் பெருங்கப்பல் நிம்மதியாக நிற்கக்கூடிய இயற்கைத் துறைமுகம் இலங்கையின் திருகோணமலை. அதற்காக ஐரோப்பிய அரசுகள் மாறி மாறிப் போரிட்டதற்கு இந்தக் கரையின் வெறுமை ஒரு முதன்மையான காரணம்.

நாட்காட்டியை மட்டும் நம்பியும் பயனில்லை என்பதைக் கடலூரே காட்டியது. 1749 ஏப்ரல் நடுவில், புயலை யாரும் எதிர்பார்க்காத பருவத்தில், தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு எதிரே நின்ற ஆங்கிலக் கடற்படை புயலில் சிக்கியது. அட்மிரல் பாஸ்கவெனின் தலைமைக் கப்பலான நாமூர் மூழ்கி 500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர் அப்போது கரையில் இருந்ததால் உயிர் தப்பினார். பெம்புரோக் என்ற போர்க்கப்பலும் அதே புயலில் அழிந்தது. அதில் இருந்தவர்களில் பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. இன்று வெள்ளிக் கடற்கரை என்று மாலை உலாவுக்குப் போகும் இடத்துக்கு எதிரே நடந்தது இது. கடலூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோட்டையின் கதையோடு இதையும் சொல்லித்தர வேண்டும்.

எச்சரிக்கைக் கூண்டு

முடிவெடுக்கும் நேரத்தை மாலுமியின் கண்ணிலிருந்து கம்பத்துக்கு மாற்றியது புயல் எச்சரிக்கைக் கூண்டு. இந்தியத் துறைமுகங்களுக்கெல்லாம் ஒரே மாதிரியான குறி முறை 1898 முதல் நடைமுறையில் உள்ளது. பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகளும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் ஏற்றப்படும். முதல் இரண்டு எண்கள் தொலைவில் உள்ள ஆபத்தைச் சொல்பவை; 3, 4 துறைமுகத்துக்கே காற்று வரக்கூடும் என்பவை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11ஆம் எண் ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்.

செய்தியில் "5ஆம் எண் கூண்டு", "6ஆம் எண் கூண்டு" என்று கேட்கும்போது ஒன்றைவிட மற்றொன்று ஒரு படி கடுமையானது என்றே பலரும் நினைக்கிறோம். அப்படியல்ல. புயல் தன் பாதையில் துறைமுகத்தை இடப்புறம் விட்டுப் போகும் என்பது 5. வலப்புறம் விட்டுப் போகும் என்பது 6. துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும் என்பது 7. ஆற்றில் படகு கட்டியவருக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. மேற்கு நோக்கி வரும் புயல் கடலூருக்கு வடக்கே கடந்தால், காற்று வடமேற்கிலிருந்து மேற்காகவும் தென்மேற்காகவும் திரும்பும். நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். ஆற்று வாயில் நீர் வற்றும். தெற்கே கடந்தால் வடகிழக்கிலிருந்து கிழக்காகவும் தென்கிழக்காகவும் மாறிக் கடலையே முகத்துவாரத்துக்குள் தள்ளும். எந்தப் பக்கக் கயிறு இறுக்கமாக, எது தளர்வாக இருக்க வேண்டும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வரை வீசிய காற்று படகுகளோடு நிற்கவில்லை. பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது.

ஆற்றுக்குள் ஒதுங்குவதிலும் ஓர் ஆபத்து உண்டு: முதுகுப்புறம் வரும் வெள்ளம். 2015 நவம்பர் 9இல் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரையைக் கடந்தபோது நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அந்த நீர் இறங்கி வரும் வழி பரவனாறு. ஆகவே கடலூர்ப் படகுக்காரர் கடலைப் பார்த்தால் மட்டும் போதாது. நெய்வேலி வானத்தையும் பார்க்க வேண்டும்.

இன்றைய நிலை

மீன்வளத் துறை கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்ததும் ஆழ்கடலில் இருப்பவர்கள் திரும்ப அழைக்கப்படுகிறார்கள். ஃபைபர் படகுகளை மேட்டில் ஏற்றிக் கட்டுகிறார்கள். விசைப்படகுகள் உப்பனாற்றில் பக்கம் பக்கமாக நிற்கின்றன, நடுவில் பழைய டயர்கள். கயிற்றைக் குட்டையாகக் கட்டினால் நீர் ஏறும்போது அறுந்துவிடும் என்பதால் நீளம் விட்டுக் கட்டுகிறார்கள். காத்திருக்கும் நாளுக்குக் கூலி இல்லை. மீன்பிடி குறைந்த காலத்துக்கு அரசு தரும் நிவாரணம் உதவுகிறது என்றாலும், கூண்டு இறங்காத ஒவ்வொரு நாளும் வீட்டில் கடன்தான்.

உலகைச் சுற்றும் பொழுதுபோக்குப் பாய்ப்படகுகள் கடலூரைத் தேடி வருவதில்லை. திருகோணமலை, காலி, கொச்சி என்று ஆழமுள்ள துறைகளையே நாடுகின்றன. தமிழகக் கரையில் பாய்ப்படகுக்குப் பழைய வீடு சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப். துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் தொடங்கியது. அந்தத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களையே, கட்டி முடியும் முன் 1881 நவம்பர் புயல் உடைத்தது. இன்றும் பெரும்புயல் நெருங்கும்போது சென்னைத் துறைமுகம் தன்னிடம் நிற்கும் பெரிய கப்பல்களை ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுகிறது.