நீலமும் ஒரு துருதான்

பழைய கைத்துப்பாக்கிகளின் கருநீலம் பெயிண்ட் இல்லை. துருதான். இரும்பு ஆக்சைடில் சிவப்பாகப் பொடிந்து உதிர்வது ஒரு வகை. கறுப்பாக எஃகோடு ஒட்டிக்கொண்டு அதைக் காப்பது இன்னொரு வகை, மேக்னடைட். முதலாவதை வேண்டுமென்றே வரவழைத்து இரண்டாவதாக மாற்றுவதுதான் அந்தக் காலத்துப் பட்டறை வித்தை.

லூகர் பி08ஐ எடுத்துக்கொள்வோம். ஜெர்மன் ராணுவம் 1908இல் ஏற்றுக்கொண்டது. போர்ப் படங்களில் நாஜி அதிகாரி நீட்டுவாரே, அதேதான். மெருகேற்றிய பாகங்களில் அமிலக் கரைசலைத் தடவி ஈரமான அறையில் வைப்பார்கள். செந்துரு பூக்கும். கொதிநீரில் போட்டால் கறுக்கும். உதிரித் தூளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மறுபடியும் அமிலம், மறுபடியும் துரு. நாள்கணக்கில் இழுக்கும் வேலை. விசை, பாதுகாப்புத் தாழ் மாதிரி சின்னப் பாகங்களுக்கு வேறு வழி: ஏறக்குறைய 230 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் எஃகின்மேல் மெல்லிய படலம் படிந்து வைக்கோல் நிறம் வரும். கருநீல உடம்பில் பொன்னிற விசை. கொல்லும் பொருளை அழகு என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

1937இல் மௌசர் தொழிற்சாலை இதை நிறுத்தியது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்து 140 பாகையை ஒட்டிக் கொதிக்கும் உப்புத் தொட்டி வந்தது. பெரிசு, சிறிசு எல்லாம் ஒரே தொட்டியில். அரைமணி நேரம் போதும். (இன்று தொழிற்சாலைகளில் நாம் பார்க்கும் கறுப்பு போல்ட்டுகளும் இதே குளியல் போட்டு வந்தவைதான்.)

ஏன் 1937? வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மன் ராணுவத்தில் 1,00,000 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. 1934, 1935இல் செய்த லூகர்களில் ஆண்டுக்குப் பதிலாக கே, ஜி என்று ஒற்றை எழுத்துதான் இருக்கும். 1935 மார்ச்சில் ஹிட்லர் கட்டாய ராணுவச் சேவையை அறிவித்தார். 1936இலிருந்து ஆண்டை வெளிப்படையாகவே பொறித்தார்கள். அடுத்த வருஷம் நிறம் மாறியது. ஒளிவுமறைவு போய் அவசரம் வந்துவிட்டது என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

1945க்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய்கள் இவற்றை நினைவுப்பொருளாக ஊருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தொடங்கியது வீட்டு வைத்தியம். உறையில் உரசி நீலம் தேய்ந்திருக்கும், வியர்வை பட்ட இடத்தில் துரு. சாணைச் சக்கரத்தில் பளபளவென்று தேய்த்தார்கள். சிலர் குரோம் பூசவே கொடுத்தார்கள். கடையில் விற்கும் ‘குளிர் நீலம்’ தடவியவர்களும் உண்டு. அது செலினியமும் செம்பும் படியும் பூச்சு, மேக்னடைட்டே இல்லை. சீக்கிரம் தேய்ந்துவிடும்.

எல்லாப் பாகங்களையும் உப்புத் தொட்டியில் முக்கினால் 1936 லூகருக்கு நீல விசை வந்துவிடும். தெரிந்தவர் பார்த்தவுடனே சிரிப்பார். நல்ல விலைக்காக 1940ஆம் ஆண்டு விசையைச் சூடாக்கி வைக்கோல் நிறம் ஏற்றிய கில்லாடிகளும் இருக்கிறார்கள்.

“தொடவே கூடாது” என்பார்கள் சேகரிப்பாளர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. செந்துருவைச் சும்மா விட்டால் அது எஃகைக் குழி பறித்துக்கொண்டே போகும். தேய்க்காமல், துருப்பிடித்த பாகத்தைத் தண்ணீரில் கொதிக்கவைத்தாலே சிவப்பு கறுப்பாகிவிடும், எழுத்துகளும் தப்பிக்கும். பழைய பட்டறையின் அதே வேதியியல்தானே! பிரச்சினை சாணைச் சக்கரம்தான். ஆக்சைடை மறுபடி வளர்க்கலாம், சக்கரம் தின்ற எஃகை என்ன செய்வது? ராணுவக் கழுகு முத்திரையின் சிறகு மழுங்கும், விளிம்புகள் உருண்டுபோகும்.

குரோம் பூசிய லூகரைச் சந்தையில் “கெட்டுப்போனது” என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதுவும் ஆவணம்தான். மௌசர் தொழிலாளி ஒவ்வொரு சின்னப் பாகத்திலும் தொடர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் குத்தியிருப்பார். அதன்மேல், போர் முடிந்து வீடு திரும்பிய யாரோ ஒருவர் காசு கொடுத்து ஏற்றிய மினுமினுப்பு. அதிகம் தேய்க்காமல் பூசியிருந்தால், குரோமுக்கு அடியிலும் அந்த இரண்டு இலக்கங்களைப் படிக்கலாம்.