பரணில் கிடக்கும் இசைத்தட்டுகள்



சரஞ்சித் சிங் என்ற பெயரை நம் மயிலாப்பூர் சபாக்களில் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982-இல் ரோலண்ட் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் மூன்று மின்னணுக் கருவிகளைக் கொண்டு, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை வாசித்தார். எச்.எம்.வி. அதை இசைத்தட்டாக வெளியிட்டது. அதிலுள்ள யமன் நமக்குக் கல்யாணி, பூபாளி மோகனம், மால்கௌன்ஸ் ஹிந்தோளம். தட்டு விலைபோகவில்லை. எல்லாரும் மறந்துபோனார்கள்.

1987-இல் சிகாகோ இளைஞர்கள் அதே மூன்றில் ஒன்றான டிபி-303 கருவியைக் கொண்டு ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசையைத் தட்டில் வெளியிட்டார்கள். உலகமே ஆடியது. சிங்கின் தட்டைக் கேட்டுத்தான் செய்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. ஆகவே ‘எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்’ என்று வாட்ஸ்அப்பில் முழங்காதீர்கள். அது வரலாறு ஆகாது. ஒரே கருவி, இரண்டு ஊர்கள், ஐந்து வருட இடைவெளி. அதுவே போதுமான வியப்பு.

எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் அந்தப் பழைய தட்டை வாங்கிக் கேட்டார். 2010-இல் அதை மீண்டும் வினைலில் வெளியிட்டார். முதுமையில் சிங் ஐரோப்பிய மேடைகளிலும் வாசித்தார். 2015-இல் காலமானார்.

யாரோ அந்தத் தட்டை எடைக்குப் போடாததால் கிடைத்த புகழ் இது. தி.நகரிலும் அடையாற்றிலும் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறோம். பரணிலுள்ள தட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுக்குமுன் உறையிலுள்ள பெயர்களை ஒருமுறை படித்துப் பாருங்கள்.