கல்முனைக் கரையின் மொட்டை மாடிகள்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய முஸ்லிம் ஊர்கள், கிழக்கே கடலும் மேற்கே நெல்வயலும் எல்லையாக அமைந்த ஒடுங்கிய மணல் நிலத்தில் நெருங்கி வளர்ந்தவை. கடலைத் தூர்க்க இயலாது. வயலை இழக்க மனம் வராது. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பது இக்கரையின் நெடுநாள் வழக்கம். ஆதலால் தாயின் வளவு தலைமுறைதோறும் பங்கிடப்பட்டுச் சுருங்கியது. பக்கவாட்டில் இடமற்ற வீடு வானை நோக்கி உயர்ந்தது. அதன் உச்சியில் தோன்றியதே மொட்டை மாடி.

முன்னாளிற் கிடுகும் ஓடுமே இங்குக் கூரையாயின. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளி, கிழக்கு மாகாணமெங்கும் அத்தகைய கூரைகளைப் பிய்த்தெறிந்தது. காற்றுக்கு அசையாத சீமெந்துத் தளத்தின் அருமையை மக்கள் அன்று உணர்ந்தனர்.

அதனினும் கொடிய பாடம் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி காலையில் வந்தது. அன்றைய ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. கம்பி பாய்ச்சிய தூண்கள் தாங்கிய மாடிகளில் ஏறியோர் பலர் பிழைத்தனர். தூணின்றி வெறுஞ் சுவர்மேல் நின்ற வீடுகளோ அலையில் இடிந்தன. உயிர் காத்தது உயரம் மட்டுமன்று, அடியில் இருந்த உறுதியுமாகும்.

அலை வடிந்தபின் கிணறுகளில் உப்பு நின்றது. வடகீழ்ப் பருவமழை தவறாது பெய்யும் இக்கரையில், மழைநீரை ஏந்தும் பாத்திரமாகவும் மாடி உதவும். நூறு சதுர மீற்றர் தளத்தில் பத்து மில்லிமீற்றர் மழை பெய்தால் ஆயிரம் லீற்றர் நீர் விழுகின்றது. தளத்தைத் துப்புரவாக வைத்து, முதல் மழையை வழியவிட்டுப் பின்வருவதைத் தொட்டியிற் சேர்ப்பதே முறை.

மிளகாயும் நெல்லும் உலர்த்திய வெயில், இன்று மின்சாரமும் தருகின்றது. கூரைச் சூரிய மின்னுற்பத்தியைப் பெருக்க அரசு 2016இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கல்முனை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய ஏழரைப் பாகையில் இருப்பதால், மின்தகடுகளைத் தெற்கு நோக்கிச் சிறிதளவே சாய்த்தாற் போதும். உப்புக்காற்று இரும்பை அரிக்குமாதலால், துருப்பிடிக்காத ஆணிகளே தேவை.

ஆயினும் 2022ஆம் ஆண்டின் நெருக்கடி ஒரு குறையை வெளிப்படுத்திற்று. நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நீடித்தபோது, மின்கலம் இல்லாத தகடுகள் உச்சி வெயிலிலும் பயனற்றுக் கிடந்தன. பொதுக் கம்பியில் மின்னோட்டம் நின்றதும், பழுதுபார்ப்போரின் உயிர்காக்கத் தாமாகவே நின்றுவிடுமாறு அவை அமைந்தவை. வெயிலைச் சேமித்து வைத்த வீட்டிலேதான் விளக்கு எரிந்தது.

நிலம் குறைந்ததனால் எழுந்த மாடி, காற்றுக்கு அரணாகி, அலைக்குப் புகலிடமாகி, நீரும் ஒளியும் தரும் நிலமாகவும் ஆகின்றது. அதற்குச் செலவிடும் பணத்தில் முதற்பங்கு தூணுக்குரியது என்பதை இக்கரை பேரிழப்பினாற் கற்றது. அப்பாடம் மறவாமற் காக்கத்தக்கது.